நீர் இறங்கும் வழியில் ஏறி

சித்திரையில் தென்காசி யானைப்பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால், ஆறு என்று சொல்லக் கீழே பெரிதாக ஒன்றும் இருக்காது. நாணல் புதர், வெயிலில் வெளுத்த கற்கள், நடுவில் தேங்கிக் கிடக்கும் கொஞ்சம் தண்ணீர், அதில் கழுத்தளவு இறங்கிவிட ஆசைப்பட்டு முழங்கால் அளவே நனைந்து நிற்கும் எருமைகள். சிற்றாறு இது. சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேரும்வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் ஆறு. குற்றாலத்து அருவிகளைத் தருகிற ஆறு. ஆனி, ஆடியில் இதன் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு இந்த மௌனம் என்னவோ போலிருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது இந்த மௌனம்தான். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, ஆறு வரும் திசையைப் பார்த்து மேற்கே நடந்தோம்.

பல நாளாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தது கண்டிக்கோட்டைப் பயணம் பற்றி. ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் பெண்ணாறு சிவந்த பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு. அதன் படங்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் புவியியல் ஆசிரியர். நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் ஒருநாள் திடீரென்று சொன்னார்: "கண்டிக்கோட்டைக்கு அப்புறம் போவோம்வே. நம்மூர்லயே ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. தண்ணி விழுதேன்னு எல்லாரும் தண்ணியப் பாத்துட்டு வந்துடுதான். கல்ல ஒருத்தனும் பாக்கல."

பேச்சு அதோடு முடிந்தது. காற்றாலையில் டெக்னீஷியனாக இருக்கும் நண்பனும் வங்கியில் வேலை பார்க்கும் இன்னொருவனும் சேர்ந்துகொள்ள, சித்ரா பௌர்ணமியை ஒட்டி நாள் குறித்தோம். அதற்குக் காரணம் உண்டு. குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் மற்ற நாட்களில் பொதுமக்களை விடுவதில்லை. அங்குள்ள செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி விசேஷம் என்பதால் அன்று பக்தர்களுக்கு வனத்துறை வழி விடும். அதற்கும் மேலே இருக்கும் தேனருவிக்கு அனுமதி கிடையாது. காடு இன்னும் காடாக இருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

குற்றாலத்தைப் போய் வறண்ட நிலப் பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு இளங்கோவடிகள் பதில் வைத்திருக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும் நிலமாக மாறும்போது அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. பாலைக்கென்று தனியே ஓர் ஊர் இல்லை. ஒரே மலை ஆடியில் குறிஞ்சியாகவும் சித்திரையில் பாலையாகவும் இருக்கும். எல்லை குறித்துச் சுவர் எழுப்பிய பாலைவனங்களைப் படத்தில் பார்த்துப் பழகிய நமக்கு, நிலம் பருவத்தோடு வேடம் மாற்றும் என்ற இந்தப் பழைய பார்வை எவ்வளவு நுட்பமானது என்பது குற்றாலத்துத் திரிகூடமலை அடிவாரத்தில் சித்திரை வெயிலில் நடந்தால் புரியும்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் கொஞ்சம் நின்றோம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயில். சாரல் காலத்தில் இந்த வாசலுக்குள் நுழையும்போது எதிரே வரும் காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளும். அன்று வேட்டி நுனிகூட அசையவில்லை. காற்றாலை நண்பனுக்கு அது தொழில் சமாச்சாரம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது, அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வாசல் வழியே இந்தப் பக்கம் வழிகிறது, அதுதான் சாரல். கிழக்கே போகப் போக ஈரம் தீர்ந்து வெறும் காற்று மிஞ்சும். சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். "மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுது, இங்க தெளிக்கு, நம்ம டவர் நிக்கிற எடத்துல வெறுங்காத்து. எல்லாம் முப்பது நாப்பது கிலோமீட்டருக்குள்ள" என்றான்.

மேலகரம் வழியாகப் போனோம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டில் அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. குற்றாலம் என்றதும் தமிழர் மனத்தில் எழும் சித்திரம், எப்போதும் நீர் வழிந்துகொண்டே இருக்கும் மலை, பெரிதும் அவர் தந்ததுதான். அந்தக் கவிஞர் இதே தெருவில் எத்தனையோ சித்திரைகளைக் கழித்திருப்பார், இதே வற்றிய ஆற்றையும் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வழியில் பதநீர் விற்ற ஒருவர், பனையோலைப் பட்டையைக் குடுவைபோல் மடித்து இரண்டு கைகளிலும் ஏந்தக் கொடுத்தார். ஓலையின் பச்சை வாசமும் சுண்ணாம்பின் லேசான காரமும் சேர்ந்த அந்த இனிப்பு, அடுத்த இரண்டு கிலோமீட்டர் வெயிலைத் தாங்க வைத்தது.

சீசன் இல்லாத குற்றாலத்தில் சில லாட்ஜுகள் பாதி வாடகைக்கு அறை தருகின்றன. எண்ணெய் மசாஜ் செய்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பேரருவிக்குப் போனால், நெஞ்சு கொஞ்சம் அடைக்கத்தான் செய்கிறது. ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்று செய்தியில் வருமே, அந்த ஆர்ச் வெறிச்சென்று நிற்கிறது. பாறையின் ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தலையைக் காட்ட நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் தண்ணீர்த் திரை விலகியதும் அந்தப் பாறை முழுதாகத் தெரிந்தது. இவ்வளவு காலம் வந்தும் அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து நேராகக் கீழே வராமல், அருவி பாதியில் ஒரு பெரும் குழியில் விழுந்து, பொங்கி, அங்கிருந்து மறுபடி குதிக்கிறது. பொங்குமாக்கடல் என்பது அந்தக் குழிக்குப் பெயர். கீழே நிற்பவர்கள் உயிரோடு குளிக்க முடிவதே அந்தக் குழி நீரின் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான். அதன் விளிம்பு மட்டும் கீழிருந்து தெரிகிறது. காலங்காலமாக அடி வாங்கி வாங்கி உருண்டு போன உதடு அது. அதற்குக் கீழே பாறை முழுவதும் மேலிருந்து கீழாக வரிகள். எந்த வரியில் எந்த மாதம் வரை தண்ணீர் ஓடும் என்பதைப் பாசியின் நிறத்தை வைத்து வாத்தியார் காட்டினார். கறுத்துக் காய்ந்த இடம் ஐப்பசி வெள்ளத்தில் மட்டும் நனைவது. பழுப்பு, சாரல் முடியும்வரை ஓடியது. பச்சை இன்னும் சாகாத இடத்தில் போன வாரம்வரை ஈரம் இருந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் வனத்துறை செக்போஸ்ட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் கவர்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள், பாட்டில்களைக் கணக்குப் பார்த்தார்கள். தீப்பெட்டி இருக்கிறதா என்று தனியாகக் கேட்டார்கள். சித்திரைச் சருகில் ஒரு பொறி போதும். எங்களிடம் வாழையிலையில் கட்டிய புளியோதரையும் தண்ணீரும்தான். சாயங்காலத்துக்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பேரருவியிலிருந்து செண்பகாதேவி இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் என்பதால் தூரம் கூடுதலாகத் தெரியும். பாதை ஆற்றை ஒட்டியும் விலகியும் போகிறது. முதல் அரைமணி நேரம் காடுதான்: காலடியில் நொறுங்கும் சருகு, தலைக்கு மேல் கிளை தாவும் மந்திகள், எங்கோ பாறை இடுக்கிலிருந்து மனிதர் சீட்டியடிப்பதுபோல் ஒரு பறவைக் குரல். மழைக்காலத்தில் இந்தத் தடத்தில் காலெல்லாம் அட்டை ஏறும். சித்திரையில் ஒன்றுகூட இல்லை. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இந்த மலையில் செடிகளைச் சேகரித்தார். உலகம் அறிந்திராத பல செடிகளுக்குக் குற்றாலமே முதல் முகவரி என்று அவர் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அவர் சேகரித்த காட்டின் வாரிசுகளுக்குள் நடக்கிறோம் என்ற நினைப்பு, மூச்சு வாங்கும்போதும் சுகமாக இருந்தது.

பிறகு பாதை ஆற்றுப் பக்கம் திரும்பியது. மரங்கள் விலகி, பாறை தொடங்கியது.

இந்த இடத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பாறை எழும்பி நிற்க, நடுவில் ஆற்றின் படுகை வெறும் கல்லாக மேலே ஏறுகிறது. மணல் கிடையாது, சேறு கிடையாது. வீடளவு உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் தண்ணீர் சத்தமில்லாமல் கசிகிறது. வெயில் ஏற ஏறக் கல் சூடாகி, உள்ளங்கையை வைத்தால் எடுக்க வேண்டியிருந்தது. காற்றில்லை. பத்தடி தள்ளிக் காடு நிழலாக நிற்க, ஆற்றுக்குள் மட்டும் பாலை.

கல்லில் குழிகள் இருந்தன. சில கைப்பிடி அளவு, சில ஆள் இறங்கும் ஆழம். எல்லாமே ஆட்டுரல் குழிபோல் அத்தனை வட்டம், அத்தனை வழவழப்பு. அவற்றைக் குடைந்ததும் கற்கள்தான். வெள்ளம் சுழிக்கும் இடத்தில் ஒரு கூழாங்கல் சிக்கிக்கொள்கிறது. சுழி அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல் பாறையை அரைக்கிறது, பாறை கல்லை அரைக்கிறது. ஒன்று தேய்ந்து தீர்ந்தால் அடுத்த வெள்ளம் இன்னொன்றைக் கொண்டுவந்து போடுகிறது. முழங்கை ஆழமிருந்த ஒரு குழிக்குள் கையை விட்டேன். சுவரில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய மண், அதற்குள் கோலிக்குண்டு அளவில் மூன்று கற்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல் கல்லில் சிவப்புப் புள்ளிகள், மாதுளை முத்து நிறத்தில்.

"கார்னெட்" என்றார் வாத்தியார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பாறை உருமாறும்போது பிறக்கும் மணிகள் அவை. தென்காசி வட்டாரத்தை ஒட்டி அச்சன்கோவில் பிளவு மண்டலம் போகிறது. மதுரைப் பக்கத்துப் பாறைத் தொகுதியும் திருவனந்தபுரம் பக்கத்துப் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லை. இந்தப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒட்டியபோது பூமிக்குள் வெந்து இறுகியவை. அப்போது ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இலங்கையும் நமக்குப் பக்கத்து நிலம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். பயணம் முழுவதும் அதுவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த பாறை எங்கே போயிற்று? அரைபட்ட கல் சிற்றாற்றில் இறங்கி, தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குள் போகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரைகளில் மணல் சில இடங்களில் சிவந்து கிடக்கிறதே, அந்தச் சிவப்பில் இதே கார்னெட் இருக்கிறது. மலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன. கடலில் கால் நனைத்த ஒவ்வொரு தடவையும் நான் மிதித்தது இந்த மலைகளைத்தான். கல்லை அதே குழியில் போட்டேன். வரப்போகும் வெள்ளத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

எங்களை முந்திக்கொண்டு ஒரு அம்மா ஏறினார். வயது எழுபதுக்குக் குறையாது. செருப்பில்லை. ஒரு கையில் பூமாலையும் எலுமிச்சம்பழமும் வைத்த ஓலைப் பெட்டி, மறு கையால் பாறையைத் தொட்டுத் தொட்டு ஏறினார். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே கால் வைக்கக் கூடாது என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வெயில் சுட்ட கல்லைத் தவிர்த்து, நிழல் விழுந்த பக்கமாகவே அவர் தடம் வளைந்து வளைந்து போனது. நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம்.

"தண்ணி இல்லாத நேரத்துல வரீகளே ஆச்சி" என்றான் வங்கி நண்பன்.

"தண்ணி இல்லன்னா என்னய்யா, ஆத்தா இருக்காள்லா. தண்ணி வந்தா ஊரே வரும். அவளத் தனியாப் பாக்கணும்னா இப்பத்தான் வரணும்." சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

செண்பகாதேவியில் அருவி ஒரு நூலாக விழுந்துகொண்டிருந்தது. கீழே தடாகம் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. அமைதியாகத் தெரியும் அந்தத் தண்ணீரில் உயிர் விட்டவர்கள் பலர். பாறைக்கு அடியில் எவ்வளவு குடைந்திருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. கோயிலில் பொங்கலும் குலவைச் சத்தமும் மணியோசையுமாகத் திருவிழா. சுற்றிலும் செண்பக மரங்கள். வறண்ட கல்லின் நடுவே அவற்றின் இலை மட்டும் பளபளவென்று இருந்தது. தீபாராதனை பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். வாழையிலை வெயிலில் வாடிச் சோற்றுக்கு ஏறிய மணம்! சாப்பிட்ட இலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

மேற்கே மேகம் ஒன்று எழுந்ததும் காவலர்கள் ஆற்றுக்குள் இருந்தவர்களைக் கரையேறச் சொன்னார்கள். எங்கள் தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களுக்கு 2024 மே 17 நினைவில்லை போலும். அன்று பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல், மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. ஓடியவர்கள் பிழைத்தார்கள், 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் அரிசோனா பாலையில் இருக்கும் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததும் இதுவே. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை ஒடுங்கிய பாறைச் சந்துக்குள் சுவராக வந்து 11 பேரைக் கொன்றது. வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது. விழுந்தது அத்தனையும் உடனே ஓடும். சிற்றாறு பிறந்து சில கிலோமீட்டரிலேயே குற்றாலத்துக்கு வந்துவிடுகிற ஆறு. மேலே மழை, கீழே வெள்ளம் என்பதற்கு இடையில் நமக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான். நான் கை விட்டுத் தடவிய குழிகள் அத்தனையும் அப்படிப்பட்ட வெள்ளங்கள் குடைந்தவை. காவலர் ஒருவர் ஒவ்வொரு பாறை மறைவிலும் எட்டிப் பார்த்து ஆட்களை எழுப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது, சொன்னேன். அன்று மழை பெய்யவில்லை.

இறங்கும்போது என்னை உறுத்திய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மலையடிவாரத்தில் சில தனியார் விடுதிகள் ஓடையைத் திருப்பித் தங்கள் தோட்டத்துக்குள் செயற்கை அருவி அமைத்தது நீதிமன்றம் வரை போயிற்று. இப்படி இயற்கை நீரோட்டத்தை மாற்றுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. சித்திரையில் ஆறு வற்றுவது இயற்கை. பாறைக்கும் காட்டுக்கும் மீனுக்கும் அந்த வறட்சி பழக்கம். ஒரு குழியில் எஞ்சியிருந்த அரையடித் தண்ணீரில் விரல்நீளக் குஞ்சுகள் கூட்டமாக நிழல் தேடிச் சுற்றுவதைப் பார்த்தோம். இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்தால் சாரல் வந்துவிடும், அவை பிழைத்துக்கொள்ளும். அந்தக் கடைசி அரையடியையும் குழாய் போட்டு இழுத்தால் நேர்வது வேறு. அந்தப் பாலைக்கு அடுத்த பருவம் கிடையாது.

கீழே செக்போஸ்ட்டில் பாட்டில் கணக்கைச் சரிபார்த்து அனுப்பினார்கள். மறுநாள் பழைய குற்றாலம் போய்விட்டு ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். அங்கே படிக்கட்டுகளும் கைப்பிடிக் கம்பிகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வாத்தியார் அருவிக்கரையில் நின்று, மேலே பாறை எங்கே வளைகிறது, அங்கிருந்து வெள்ளம் கண்ணில் பட்டால் கரையேற எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று நடந்து நடந்து பார்த்தார். நோட்டை எடுத்துப் படம் போட்டார். தன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாரல் தொடங்கும் முன் ஒரு தடவை இங்கே கூட்டிவர வேண்டும் என்றார். தலைமையாசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

"லீவு நாள்ல பிள்ளைக வருமா வாத்தியாரே?" என்றான் காற்றாலை நண்பன்.

"குத்தாலம்னா வரும்வே. தண்ணி இல்லன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருவேன். குழிக்குள்ள கைய விட்டுப் பாக்கலாம்னும் சொல்லுவேன்."